சாத்தப்பனுக்குக் கேதம் கேட்ட கதை

படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காகிதத்தில் இருப்பதுதான் உண்மை, காகிதத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிடுவார்கள். வியாதி முற்றினால், கண்ணெதிரே நிற்கும் தூணைக்கூடப் படத்தில் தேடிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார்கள். எனக்கு அது இருபத்திரண்டு வயதிலேயே முற்றிவிட்டது. விளைவாக ஒருவர் உயிரிழந்தார். (மரக்கட்டையால் ஆனவர்தான். ஆனால் அந்த விவரம் அன்று யாருக்கும் ஆறுதலாக இல்லை.)

மதுரையில் கட்டடக்கலை டிப்ளமோ முடித்த கையோடு, காரைக்குடியில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் எனக்குப் படம் வரையும் வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள். பேசினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொருவருக்கும் பயம். சொந்த ஊர் கல்லல், ரயிலில் பக்கம்தான். ஆனால் அப்பா போன பிறகு அம்மா அண்ணனோடு பிலாய்க்குப் போய்விட்டாள். மாதம் ஒருமுறை போய்ப் பூட்டைத் திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டிவிட்டு வருவேன். அதற்கு ஊருக்குப் போவது என்று பெயர்.

தங்கியது கோட்டையூரில், விசாலாட்சி ஆச்சி வீட்டில். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. அவ்வளவு பெரிய வீட்டில் முன்பக்கம் ஆச்சி, நடுவில் நான், பின்கட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ரெஜினா. ஒருவர் இருமினால் அடுத்தவருக்குக் கேட்காது. வேலைக்குக் கிளம்பும்போது "வர்றேன் ஆச்சி" என்று நான் சொல்கிற குரல், நடு முற்றத்தைச் சுற்றிய வளவைத் தாண்டுவதற்குள் களைத்துப்போய் எங்கேயோ உட்கார்ந்துவிடும்.

ஆச்சிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் பர்மாவில் கடை வைத்திருந்தவர். அங்கிருந்து எல்லோரும் திரும்பி வந்த காலத்தில் அவர் மட்டும் வரவில்லை. இருக்கிறார் என்றும் தாக்கல் இல்லை, இல்லை என்றும் தாக்கல் இல்லை. இது தெருவுக்கே பெரிய சங்கடமாகிவிட்டது. சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்போம். ஆச்சியிடம் கேதம் கேட்டால் அவர் கணவரை நாமே சாகடித்தது போல ஆகும். கேட்காமல் சும்மா போய் உட்கார்ந்து சிரித்துப் பேசினால் அதுவும் அழகில்லை. எது முறை என்று ஒருவருக்கும் தெரியாததால், முறையாக எல்லோருமே வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆச்சியும் யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போவதில்லை. நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை.

வளவின் ஓரக் கல்லில் பழைய தாயக்கட்டம் ஒன்று செதுக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் மூவரும் அதில் விளையாட ஆரம்பித்தோம். பிறகு வடிவு சேர்ந்தாள். அடுத்த தெருத் தச்சாசாரியின் மனைவி. கதவைச் செப்பனிட வந்த கணவரைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், கட்டை உருளும் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்தாள். (அவர் அன்று தானாகவே போய்ச் சாப்பிட்டுக்கொண்டார்.)

எல்லா வம்பையும் தொடங்கி வைத்தவள் ரெஜினா. நாளெல்லாம் அடுத்தவர் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவள். "சும்மா புளியங்கொட்டைய நகத்திக்கிட்டு என்னடி வாழ்க்கை இது? என் காய் இனிமே டாக்டரம்மா. பேரு பிலோமினா. இப்ப மலேரியாவ ஒழிக்கக் கிளம்புறா" என்றாள் ஒரு நாள். வடிவு உடனே, "அப்ப என் காய் வீரணன். புலியக் கையாலேயே அடிப்பான்" என்றாள். ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாத்தப்பன். கடல் தாண்டி யாவாரத்துக்குப் போறாரு" என்றார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் முறையாகப் படித்தவள் அல்லவா? வெளிச்சுற்று ஊர், அடுத்த சுற்று கடல், உள்சுற்று அக்கரை என்று பிரித்தேன். குறுக்குக்கோடு போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். அதில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. கடலுக்குள் ஏது மலை என்று வடிவு கேட்டதால் அதைத் தீவு என்று வைத்துக்கொண்டோம். எனக்கென்று காய் வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வது என் வேலை. இன்ன கட்டத்தில் பாம்பு, இன்ன கட்டத்தில் புயல், இன்ன கட்டத்தில் சுங்க அதிகாரி.

வடிவின் கணவர் காய்களுக்குப் பதிலாக விரல் உயரத்துக்குத் தேக்கில் ஆட்களைக் கடைந்து கொடுத்தார். வீரணனுக்கு மீசை, டாக்டரம்மாவுக்குக் கொண்டை. சாத்தப்பன் கையில் ஒரு குடை.

வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டைச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவளுக்கு ஞாயிறு மதியம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சாத்தப்பனைப் பற்றிப் பேசும்போது ஆச்சி மொத்த வாரத்துக்கும் சேர்த்துப் பேசுவார். சாத்தப்பன் நிதானமானவர். மலைக்கு மலைதான் நகர்வார். போகிற இடமெல்லாம் வீட்டுக்கு எதையாவது வாங்குவார். "இன்னைக்கு ரெண்டு பீங்கான் சாடி வாங்கிட்டாரு. ஒடையாமக் கொண்டு வரணும்" என்று ஆச்சி கவலையோடு சொல்வார்.

வீரணன்தான் தலைவலி. தாயத்தில் வெட்டுப்பட்ட காய், மறுபடி தாயம் விழுந்தால் உள்ளே வந்துவிடலாம். அதனால் அவன் சாவதும் எழுவதுமாக இருந்தான். புலி அடித்துச் செத்தான், எழுந்து வந்து அதே புலியிடம் போனான்.

"உன் ஆள் செத்துட்டான் வடிவு. கொஞ்சமாவது வருத்தம் வேண்டாமா?" என்றேன்.

"எதுக்கு வருத்தம்? தாயம் விழுந்தா எந்திரிச்சிட்டுப் போறான். எங்க வீட்டுக்காரரு மத்தியானம் தூங்குறதுக்கும் இவன் சாகுறதுக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்கு அது பொறுக்கவில்லை. முறிந்த உத்தரம் தானாக ஒட்டிக்கொள்ளுமானால் எதற்காக நான் படித்தேன்? எழுகிற சாவு சாவே இல்லை. அப்படியானால் பிழைத்திருப்பதற்கும் அர்த்தம் இல்லை. மறு வாரம் அலுவலக இடைவேளையில் உட்கார்ந்து சட்டம் எழுதினேன். தாயம் விழுந்தால் எழுவது ரத்து. செத்தவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டுமானால், இன்னொருவர் தன் ஆள் சேர்த்ததில் பிரியமான ஒன்றை மனதாரக் கொடுத்துவிட்டு, அது இல்லாமலே ஆட வேண்டும். வருகிறவரும் போனது போலவே வரக்கூடாது. குரலையோ, ஞாபகத்தையோ, ஒரு கையையோ அங்கே விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். தாளில் இன்னும் இடம் மிச்சமிருந்ததால் ஒன்றைச் சேர்த்தேன்: செத்தவருக்காக மற்றவர்கள் வந்து முறைப்படி கேதம் கேட்க வேண்டும்.

"ஏண்டி, இது விளையாட்டா முனிசிபாலிட்டியா?" என்றாள் ரெஜினா.

ஆச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எங்க செத்தாருன்னு தெரிஞ்சாத்தான் கேதமா?"

"ஆமா ஆச்சி. எங்க, எப்படி, யாரு பாத்தது. மூணும் தெரியணும்" என்றேன், விவரக்குறிப்பு வாசிக்கிற தோரணையில். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அப்போது என் கவனமெல்லாம் புதிய படத்தில்.

கல்லில் இருந்த கட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்டம் சதுரம் என்றால் அடுத்தது கோணிப்போன பலகாரம் மாதிரி இருந்தது. ஆகவே அளவெடுத்து, டிரேசிங் துணியில், இந்திய மையில், ஓரத்தில் வடக்குத் திசைக்கு அம்புக்குறி எல்லாம் போட்டுப் புதிதாக வரைந்தேன். (தாயம் ஆடுகிறவர்களுக்கு வடக்கு எதற்கு என்று இன்று நீங்கள் கேட்கலாம். அன்று கேட்டிருந்தால் முறைத்திருப்பேன்.)

அடுத்த ஞாயிறு அந்தத் துணியை விரித்து ஆடினோம். சாத்தப்பன் அக்கரையில் வியாபாரத்தை முடித்துவிட்டு, சாடிகளோடு வீடு திரும்பும் வழியில், கடல் நடுவே தன் வழக்கமான தீவில் நின்றார். வடிவு கட்டையை உருட்டினாள். வீரணன் நேராக அதே கட்டத்தில் வந்து இறங்கினான்.

"மலை, மலை! வெட்ட முடியாது" என்றாள் ரெஜினா.

நான் படத்தைப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் குறுக்குக்கோடு இல்லை. "இல்லையே" என்றேன்.

"கல்லுல இருக்குடி! அங்குட்டுத் திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தேன். கல்லில் பளிச்சென்று இருந்தது. வரையும்போது விட்டுவிட்டேன். மற்றவர்களாக இருந்தால் சிரித்துவிட்டு ஒரு கோட்டைப் போட்டிருப்பார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "கல் பழைய படம். நடப்பில் இருக்கிறது இது. படத்தில் இல்லாததை நாம கட்ட முடியாது" என்றேன். என் ஒப்பந்தக்காரர்கூட அவ்வளவு அதிகாரமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் வெட்டல ராஜி. அவன் ஓரமா நின்னுட்டுப் போறான்" என்று வடிவு கெஞ்சினாள்.

"அப்படிச் சட்டம் இல்லை."

ஆச்சி சாத்தப்பனை எடுத்து, முந்தானையால் ஒரு தடவை துடைத்து, தூண் அடியில் வைத்தார். "சரி. போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

ஆட்டம் கலைந்தது. ரெஜினா என்னைப் பார்க்காமல் கட்டைகளைப் பொறுக்கி வைத்தாள். வடிவு வீரணனை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கோட்டையூரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இருந்தவர்கள் அந்த மூன்று பேர்தான். மூவரையும் ஒரே வீச்சில் வெட்டிவிட்டு, திருத்தமாக வரைந்த படத்தோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் வீடு இன்னும் நீளமாகிவிட்டது. காலையில் "வர்றேன் ஆச்சி" என்பேன், பதில் வராது. வழக்கமாகவே கேட்காத தூரம்தான், ஆனால் இப்போது பதில் வராததற்குக் காரணம் இருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்து முன்பக்கம் வரை போவேன். கேட்க வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்துவேன். வரிசை சரியாக வராமல் திரும்பிவிடுவேன். ஞாயிறு வந்ததும், ஆளில்லாத வளவைப் பார்க்கப் பயந்து கல்லலுக்குப் போனேன். பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே இன்னொரு முறை பெருக்கினேன். மதியமே திரும்பிவிட்டேன்.

கோட்டையூரில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தால், வீட்டு வாசலில் செருப்புகள். வாசல் கொள்ளாமல் செருப்புகள். அந்த வாசலில் நான் என் செருப்பையும் ரெஜினா, வடிவு செருப்புகளையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. பர்மாவிலிருந்து ஏதோ தாக்கல் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே வளவு நிறையப் பெண்கள். தெருவில் பார்த்த முகங்கள், பார்க்காத முகங்கள், எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி தூணில் சாய்ந்திருந்தார். அவர் பக்கத்தில், குடையோடு, சாத்தப்பன்.

வடிவு ஓடி வந்தாள். "நீதான கேதம் கேக்கணும்னு சட்டம் போட்ட? கேதத்துக்கு ஒத்தையா எப்பிடி வாரது? நாத்தனாளக் கூப்புட்டேன். அவ அவ மாமியாளக் கூப்புட்டா. அப்புறம் எதுத்த வீட்டுக்காரக, 'நம்ம சாத்தப்பனுக்கா? நாங்களும் வாரோம்'னுட்டாக."

"நம்ம சாத்தப்பனா?"

"பின்னே? வாராவாரம் நடந்தத நான் தண்ணிக் கொழாயில சொல்லுவேன்ல."

ஆக, மொத்தத் தெருவுக்கும் சாத்தப்பனைத் தெரியும். அவர் மரக்கட்டை என்பதும் தெரியும். சாடிகள் விஷயம்கூடத் தெரியும். அத்தனை பெண்களும் திரும்பி, கையில் ஊர்ப்பையோடு நின்ற என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையில் ரெஜினா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

எதிர்வீட்டு மெய்யம்மை ஆச்சி, தெருவிலேயே மூத்தவர், தொண்டையைச் செருமினார். "இங்குட்டு வந்து உக்காருத்தா. எங்க செத்தாரு?"

என் சட்டம். நான்தான் பதில் சொல்ல வேண்டும். "கடல்ல, ஆச்சி."

"போற வழியிலயா, வாற வழியிலயா?"

"வர்ற வழியில."

வளவு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. "வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருந்திருக்காக" என்றாள் யாரோ.

"யாரு பாத்தது?"

"வீரணன்."

"வெட்டுனவனே சாட்சியா?"

"வேணும்னு வெட்டல ஆச்சி! படத்துல இல்லன்னு இவதான்..." என்று வடிவு என்னைக் காட்டினாள்.

எதையாவது சொல்லியாக வேண்டும் என்று, "பலமான காத்து. படகும் படகும் மோதி, பாய்மரம் அடிப்பக்கம் பிளந்துருச்சு. பொதுவா ஈர மரத்துல நாரோட்டம் குறுக்க இருந்தா தாங்குற சக்தி..." என்று ஆரம்பித்தேன்.

"ஏத்தா, மரத்த விடு. மனுசரச் சொல்லு. கடைசியா என்ன சொன்னாரு?"

எனக்குத் தெரியவில்லை. பாம்பையும் சுங்க அதிகாரியையும் கட்டம் கட்டமாக அடுக்கியவளுக்கு, ஒரு மனிதர் கடைசியில் என்ன சொல்வார் என்று மட்டும் தோன்றவே இல்லை.

தூண் பக்கமிருந்து விசாலாட்சி ஆச்சியின் குரல் வந்தது. "ஒண்ணும் சொல்லல. அவரு அதிகம் பேசுறவரு இல்ல."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், என்னைப் பார்த்து. கல்லில் மலை இருக்கிறதாமே. படம் போட்டவள் தப்பாம். ஒரு கோட்டை விட்டதற்கு ஓர் ஆளைக் கொல்வாளா? படித்த பெண் செய்கிற வேலையா? "எழுப்பி விடுத்தா, புண்ணியமாப் போகும்" என்றார் மெய்யம்மை ஆச்சி. ரெஜினா பின்னாலிருந்து, "என் டாக்டரம்மா பெட்டியக் குடுக்குறேன், மருந்தோட" என்றாள். வடிவு, "வீரணன் மீசைய எடுத்துக்க" என்றாள்.

நான் உடைந்தேன். அறைக்கு ஓடிப்போய்த் துணியைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் விரித்து, அந்தக் கட்டத்தில் குறுக்காக இரண்டு கோடு இழுத்தேன். என் வாழ்நாளில் நான் வரைந்த மிகக் கோணலான கோடுகள் அவை. "என் தப்புத்தான். அது மலை. சாத்தப்பன் சாகல" என்றேன்.

வளவில் சிரிப்பும் பேச்சும் கிளம்பின.

"வேண்டாம்" என்றார் விசாலாட்சி ஆச்சி.

எல்லோரும் திரும்பினார்கள். ஆச்சி சாத்தப்பனின் குடையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "போனவரு போனவராவே இருக்கட்டும். இம்புட்டுப் பேரு வந்து கேட்டுட்டீக."

அவர் அழவில்லை. மெய்யம்மை ஆச்சி நகர்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முற்றத்து வெயில் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகரும்வரை அப்படியே இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சேலையை உதறிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, தெருவில் இறங்கினார்கள். ஒருத்திகூட "வர்றேன்" என்று சொல்லவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும்தான் எங்கள் பக்கம் யாரும் சொல்லிக்கொள்ளமாட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் ஆச்சி முன்னால் போய் நின்றேன். வரிசைப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "ஆச்சி, நான் உங்க... அவுகளை நினைச்சு..." என்று ஏதோ உளறினேன்.

"அது வேற, இது வேறத்தா. நீ போட்டுக் கொழப்பிக்காத" என்றார். பிறகு துணியைப் பார்த்து, "அந்த மலைய அழிச்சிறாத. அடுத்து வாறவகளுக்கு ஆகும்" என்றார்.

நெற்றிப் பொட்டு அப்படியே இருந்தது. அது வேறதான். ஆனால் மறு ஞாயிறும் வாசலில் செருப்புகள் கிடந்தன. ஒரு தடவை வந்து பழகிவிட்டதால் தெருவுக்கு இனி வராமல் இருக்கக் காரணம் தெரியவில்லை. ஆச்சி வடிவின் கணவரிடம் சொல்லிப் புதிதாக ஓர் ஆள் கடைந்து வாங்கியிருந்தார். சடை போட்ட பெண்.

"யாரு ஆச்சி இது?" என்று ரெஜினா கேட்டாள்.

"படிச்ச பொண்ணு. படம் போடுற வேலை. என்ன, சரியாத்தான் போடத் தெரியாது."

வளவே சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு நொடி தாமதமாக. என் சட்டங்களில் தாயமும் தியாகமும் யாருக்கும் ஞாபகமில்லை. உருப்பட்டது, தாளில் இடம் மிஞ்சியதால் கடைசியில் எழுதிய ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா பிலாயிலிருந்து வரத் தாமதமானதால், ஆச்சி வீட்டு வளவிலேயே உட்கார வைத்தோம். பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டதும் மெய்யம்மை ஆச்சி முந்திக்கொண்டார். "தங்கமான பொண்ணுங்க. ஒரே ஒரு ஆளக் கொன்னிருக்கா. மத்தபடி ஒரு கொறையும் கெடையாது." நான் கையிலிருந்த காப்பித் தட்டோடு தரைக்குள் போய்விட முயன்றேன். கதை முழுவதையும் கேட்டு முடித்த பிறகு மாப்பிள்ளை ஒன்றுதான் கேட்டார்: "சாடி என்ன ஆச்சு?" அவரையே கட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் நான் தனியாகத்தான். ஆனால் கிளம்புகிற நாளில் கூடத்தில் நின்று ஒரு தடவை "வர்றேன்" என்பார். வாசலில் ஒரு தடவை. தெருமுனையில் நின்று, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, தொண்டை கிழிய இன்னொரு தடவை. அக்கம்பக்கத்தில் அவருக்குப் 'பைத்தியக்கார வர்றேன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் உள்ளே பலகையில் துணியை விரித்து, பேனாவில் மை தொட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அந்த மூன்றாவது குரல் வந்த பிறகுதான் முதல் கோட்டைப் போடுவேன்.